ஜெர்மன் பிரபுப் பட்டத்தை ஆவணங்களோடு சரிபார்ப்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கான வழிகாட்டி

என் மகள் மணந்துகொண்ட ஜெர்மன் குடும்பத்தின் பெயரில் 'ஃப்ரைஹெர்' என்ற பிரபுப் பட்டச் சொல் இருக்கிறது. பேரனுக்காக இரு பக்கத்து வம்சாவளியையும் எழுதி வைக்கலாம் என்று நான் சொன்னபோது, சம்பந்தியம்மாள் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலைக்குப் பதினான்கு மாதங்களும் ஏறத்தாழ நானூறு யூரோவும் செலவாயின. அவற்றில் பாதி, வரிசை தெரியாமல் தொடங்கியதால் வீணானவை. திருமண உறவு, மொழிபெயர்ப்பு, வரலாற்று ஆய்வு என்று எக்காரணத்தால் நீங்கள் இந்த வேலையில் இறங்கினாலும், அந்தப் பாதியையாவது மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தத் தேடலில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, 'இந்தப் பட்டம் எவ்வளவு உயர்ந்தது?' என்பதுதான். நானும் அதையே கேட்டேன். ஆனால் வேலையை நகர்த்துவது வேறொரு கேள்வி: 'இந்தப் பட்டத்தை எந்த ஆட்சியாளர், எந்த ஆண்டில் கொடுத்தார்?' எந்த ஆவணக்காப்பகத்துக்கு எழுதுவது, பட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லுமா அல்லது ஒருவரோடு முடியுமா என்பவையெல்லாம் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

1. காகிதங்களை முதலில் தேதிவாரியாகப் பிரியுங்கள்

பெட்டியிலுள்ள ஒவ்வொரு தாளையும் 1919 ஆகஸ்ட் 14-க்கு முற்பட்டது, பிற்பட்டது என்று இரண்டு கட்டுகளாகப் பிரியுங்கள். முடியாட்சி போய்க் குடியரசான ஜெர்மனியின் வைமர் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதன் 109-ஆம் பிரிவு, பிறப்பால் வரும் சட்டச் சலுகைகளை நீக்கியதோடு, பிரபுப் பட்டங்கள் இனிமேல் பெயரின் ஒரு பகுதியாக மட்டுமே கருதப்படும், புதிதாக வழங்கப்படமாட்டா என்றும் வகுத்தது. இந்த விதி இன்றைய ஜெர்மனியிலும் சட்டமாகவே நீடிக்கிறது.

இதன் நடைமுறை விளைவு பெரியது. முதல் கட்டில் 'கிராஃப்' (ஆங்கிலத்தில் கவுண்ட்) என்று கண்டால் அது ஒருவரின் தகுதியைக் குறிக்கும் பட்டம். இரண்டாவது கட்டில் அதே சொல் குடும்பப் பெயரின் ஒரு துண்டு மட்டுமே. சொல் நிற்கும் இடமும் மாறும். பழைய வழக்கில் பட்டம் இயற்பெயருக்கு முன்னால் வரலாம். இன்றைய சட்டப்பெயரில் அது இயற்பெயருக்குப் பின்னால்தான் வரும். அரசியல்வாதி ஓட்டோ கிராஃப் லாம்ஸ்டார்ஃபின் பெயரில் 'கிராஃப்' நடுவில் நிற்பது இதனால்தான்.

குடும்பத்தில் ஆஸ்திரியக் கிளை இருந்தால் அதற்குத் தனிக் கட்டு போடுங்கள். 1919 ஏப்ரலில் ஆஸ்திரியா இயற்றிய சட்டம் பட்டத்தையும் அதோடு சேர்ந்து குடும்பப் பெயருக்கு முன் வரும் 'ஃபொன்' என்ற சொல்லையும் பெயரிலிருந்தே அகற்றிவிட்டது. ஆகவே உடன்பிறந்த இருவரில் ஒருவர் மியூனிக்கிலும் மற்றவர் வியன்னாவிலும் குடியுரிமை பெற்றிருந்தால், அவர்களின் ஆவணங்களில் குடும்பப் பெயர் வேறுபடும். அதைப் பார்த்து இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

2. படிநிலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அரசரும் பேரரசரும் நம் காகிதங்களில் வரப்போவதில்லை என்பதால் அவர்களை விட்டுவிடலாம். அவர்களுக்குக் கீழே குரோஸ்ஹெர்ட்சோக் (கிராண்ட் டியூக்), ஹெர்ட்சோக் (டியூக்), ஃபூர்ஸ்ட், கிராஃப், ஃப்ரைஹெர், ரிட்டர், எட்லர் என்று வரிசை இறங்குகிறது. எந்தப் பட்டமும் இல்லாமல் 'ஃபொன்' மட்டும் உடையவர்கள் கடைசியில் வருகிறார்கள். மார்க்கிராஃப், லாண்ட்கிராஃப், ஃபால்ட்ஸ்கிராஃப் ஆகிய மூன்றும் சொல்லில் 'கிராஃப்' என்று முடிந்தாலும் சாதாரண கிராஃபுக்கு மேலான, ஃபூர்ஸ்ட் நிலையை ஒட்டிய பட்டங்கள். 'பரோன்' என்பது ஃப்ரைஹெருக்கு இணையானது. பால்டிக் பகுதியிலிருந்து வந்த குடும்பங்களில் அதுவே முறையான பட்டமாக இருக்கும். மற்ற இடங்களில் ஃப்ரைஹெரைப் பேச்சில் பரோன் என்று அழைப்பார்கள். கடிதத்தில் 'பரோன்' என்றும் பதிவேட்டில் 'ஃப்ரைஹெர்' என்றும் இருந்தால் அது முரண்பாடு அன்று.

ஃபூர்ஸ்ட் என்ற சொல்லில் தமிழ் வாசகர் தடுமாற ஒரு காரணம் உண்டு. நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே இந்தச் செய்திகளைப் படிக்கிறோம். ஃபூர்ஸ்ட், பிரின்ட்ஸ் இரண்டையும் ஆங்கிலம் 'பிரின்ஸ்' என்றே எழுதுகிறது. ஜெர்மனில் அவை வேறு. ஃபூர்ஸ்ட் என்பது பெரும்பாலும் குடும்பத் தலைவர் ஒருவருக்கே உரிய பட்டம். அவருடைய பிள்ளைகள் பிரின்ட்ஸ், பிரின்ட்செஸின் எனப்படுவார்கள். தமிழில் இரண்டையும் 'இளவரசர்' என்று எழுதினால் தந்தையையும் மகனையும் பிரித்தறிய வழியிருக்காது.

பட்டம் குடும்பத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மூத்த மகனுக்கு மட்டும் பட்டம் செல்லும் ஆங்கிலேய வழக்கை ஜெர்மன் குடும்பங்களின் மீது ஏற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஜெர்மன் மரபில் கிராஃபின் பிள்ளைகள் அனைவரும் கிராஃப் அல்லது கிரேஃபின். ஃப்ரைஹெரின் பிள்ளைகள் அனைவரும் ஃப்ரைஹெர் அல்லது ஃப்ரையின். மூத்தவருக்கு மட்டும் என்பது விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு, பட்டத்தை வழங்கும் ஆணையான பட்டயத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஜெர்மன் பேரரசின் முதல் தலைமை அமைச்சரான பிஸ்மார்க்கின் ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1865-இல் அவர் கிராஃப் ஆனார். 1871-இல் ஃபூர்ஸ்ட் ஆனார். 1890-இல் பதவி விலகியபோது லாவென்புர்க்கின் ஹெர்ட்சோக் என்ற பட்டமும் கிடைத்தது. ஃபூர்ஸ்ட் பட்டம் மூத்த மகன் ஹெர்பெர்ட்டுக்குச் சென்றது. ஹெர்ட்சோக் பட்டமோ பிஸ்மார்க்கின் வாழ்நாளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஒரே மனிதரின் பெயர் மூன்று காலத்துக் காகிதங்களில் மூன்று விதமாக வரும் என்பதால், தாளின் தேதியைப் பார்க்காமல் பட்டத்தைக் குறித்துக்கொள்வது பயனற்றது.

அடுத்தது பெண்பால் வடிவங்கள். கிராஃபின் மனைவியும் கிரேஃபின், மகளும் கிரேஃபின். இதழாளர் மரியோன் கிரேஃபின் டேன்ஹோஃப் மணமாகாதவர். அந்தச் சொல்லை வைத்து அவருக்குக் கணவர் ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஃப்ரைஹெர் குடும்பத்தில் வேறுபாடு உண்டு: மனைவி ஃப்ரைஃப்ராவ், மகள் ஃப்ரையின். கவிஞர் அனெட்டெ ஃபொன் ட்ரோஸ்டெ-ஹ்யூல்ஸ்ஹோஃப் மணம் செய்துகொள்ளாத ஃப்ரையின். எட்லருக்கு எட்லெ என்ற பெண்பால் உண்டு. ரிட்டருக்குப் பெண்பால் இல்லை. 1919-க்குப் பிறகு பட்டம் வெறும் பெயராகிவிட்டதால் இந்த வேறுபாடு நீடிக்கலாமா என்ற கேள்வி எழுந்து, 1926-இல் ரைஷ்ஸ்கெரிஷ்ட் என்னும் உச்ச நீதிமன்றம் நீடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

இதனால் இன்றும் ஒரே வீட்டில் தந்தையும் மகனும் 'ஃப்ரைஹெர்', தாய் 'ஃப்ரைஃப்ராவ்', மகள் 'ஃப்ரையின்' என்று ஒரே குடும்பப் பெயரின் மூன்று வடிவங்கள் இருக்கும். பிற நாட்டு அலுவலகங்கள் இதைப் பெயர் முரண்பாடாகவே பார்க்கும். என் மகள் ஒரு விண்ணப்பத்தில் கணவர் பெயரோடு தன் பெயர் பொருந்தவில்லை என்ற குறிப்போடு திருப்பி அனுப்பப்பட்டாள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு திருமணம் நடந்தால், திருமணச் சான்றிதழ் வாங்கும்போதே பன்மொழிப் படிவத்தில் அமைந்த சர்வதேசத் திருமணச் சான்றிதழ் ஒன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். தொகை அதிகமில்லை; பின்னால் அலைவது மிச்சமாகும்.

3. பட்டம் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்களைக் களையுங்கள்

'ஃபொன்' இருந்தாலே பிரபுக் குடும்பம் என்று கொள்ளாதீர்கள். 'இன்ன ஊரைச் சேர்ந்தவர்' என்ற பொருளில் அந்தச் சொல்லைத் தாங்கிய சாதாரணக் குடும்பங்கள் வடமேற்கு ஜெர்மனியில் ஏராளம். டச்சு மொழியின் 'ஃபன்' என்பதும் பிரபுத்துவ அடையாளம் அன்று. மூதாதையர் ஒருவர் பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசின் படையில் அதிகாரியாக இருந்திருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு: படையின் அதிகாரிகள் பட்டியலில் பிரபுக்களின் 'ஃபொன்' ஒற்றை எழுத்தும் புள்ளியுமாகச் சுருக்கி அச்சிடப்பட்டிருக்கும், மற்றவர்களுடையது முழுச் சொல்லாக இருக்கும். இதே சுருக்க முறை பிரபுக் குடும்பக் கையேடுகளிலும் பின்பற்றப்படுகிறது.

நான் மூன்று வாரங்களை இழந்தது 'ரிட்டர்' என்ற சொல்லில். சம்பந்தி வீட்டுக் கொள்ளுத்தாத்தா ஒருவரின் இறப்பு அறிவிப்பில் அவர் 'செங்கழுகு விருதின் ரிட்டர்' என்று இருந்தது. அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு ரிட்டர் குடும்பங்களின் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன். அது அரசு கொடுத்த விருதின் வகுப்பைக் குறிப்பது. 'ரிட்டர் ஃபொன்' என்று குடும்பப் பெயர் தொடர்ந்தால்தான் அது பிரபுப் பட்டம். 'ரிட்டர்கூட்ஸ்பெஸிட்ஸர்' என்பது ஒருவகைப் பண்ணை நிலத்தின் உடைமையாளர் என்றே பொருள்படும்; சாதாரணக் குடிமக்களும் அத்தகைய நிலத்தை வாங்கினார்கள். 'டைஷ்கிராஃப்' என்பவர் வடகடற்கரையில் கரையணைகளைக் கண்காணித்த அலுவலர். 'எக்ஸ்ட்செலென்ட்ஸ்' என்பது உயர்பதவியாளரை விளிக்கும் சொல்.

பெயருக்குப் பின் 'ஆ.டெ.ஹா.' என்று மூன்று எழுத்துச் சுருக்கம் வந்தால், 'இன்ன கிளையைச் சேர்ந்தவர்' என்று பொருள். அதன்பின் வரும் ஊர்ப்பெயர் குடும்பப் பெயரின் பகுதி அன்று. அதைச் சேர்த்துத் தேடினால் எந்தப் பட்டியலிலும் எதுவும் கிடைக்காது. ஆனால் ஒரே பெயருடைய பல கிளைகளுள் நம்முடையது எது என்பதை அந்த ஊர்ப்பெயர்தான் சொல்லும் என்பதால் தனியே குறித்து வையுங்கள்.

4. காப்பகத்துக்கு எழுதுமுன் அச்சிட்ட கையேடுகளைப் பாருங்கள்

இந்தப் படியை நான் தாண்டிச் சென்றதுதான் என் பெரிய பிழை. கோத்தா நகரில் யூஸ்டுஸ் பெர்தெஸ் பதிப்பகம் வெளியிட்ட குடும்பக் கையேடுகள் பட்டவாரியாகப் பிரிந்தவை: கிராஃப் குடும்பங்களுக்கு 1825 முதலும், ஃப்ரைஹெர் குடும்பங்களுக்கு 1848 முதலும், பட்டமில்லாத குடும்பங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தும் தனித் தொகுதிகள் வந்தன. இவற்றில் பெரும்பகுதியை டியூசல்டோர்ஃப் பல்கலைக்கழக நூலகம் மின்னுருவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1951 முதல் வெளிவந்த கையேட்டு வரிசையில் அட்டை நிறமே பட்டத்தைச் சொல்லிவிடும்: ஃபூர்ஸ்ட் குடும்பங்களுக்குச் சிவப்பு, கிராஃபுக்குப் பச்சை, ஃப்ரைஹெருக்கு ஊதா, பட்டமில்லாதவர்களுக்கு நீலம். இவை விலை கூடியவை, வாங்க வேண்டாம். உங்கள் ஊர் நூலகத்தில் நூலகங்களுக்கிடையிலான கடன்முறையில் கேட்டால், பெரும்பாலான மாநிலங்களில் ஒரு கோரிக்கைக்கு ஒன்றரை யூரோதான். ஒன்றிரண்டு வாரங்களில் வந்துவிடும்.

குடும்பத்தின் பதிவைக் கண்டதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலுக்குத் தாவாதீர்கள். தலைப்புக்குக் கீழே நெருக்கமாக அச்சிட்ட முன்குறிப்பில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது: பட்டம் எந்த அரசின் பட்டம், எந்த ஊரில், எந்த நாளில், யாருக்கு வழங்கப்பட்டது என்று அங்கே இருக்கும். அந்தக் குடும்பம் 'ஊர்ஆடெல்', அதாவது பட்டயம் எதுவும் இல்லாமலேயே பழங்காலந்தொட்டுப் பிரபுக்களாக இருந்துவந்த குடும்பமா, அல்லது 'பிரீஃப்ஆடெல்', அதாவது பட்டயத்தால் பிரபுவான குடும்பமா என்பதும் தெரியவரும். ஊர்ஆடெல் என்றால் முதல் பட்டயத்தைத் தேடிப் பயனில்லை. அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. பின்னாளில் கிடைத்த ஃப்ரைஹெர் அல்லது கிராஃப் உயர்வுக்கான பட்டயத்தை மட்டுமே தேட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோத்தாக் கையேட்டில் முழு வம்சவரிசை எல்லா ஆண்டும் அச்சிடப்படுவதில்லை. 'இன்ன ஆண்டுத் தொகுதியைக் காண்க' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அந்த ஆண்டைப் பார்த்துவிட்டு அடுத்த கோரிக்கையை இடுங்கள். மேலும் இந்தப் பதிவுகளுக்கான தகவல்களைத் தந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தினரே. எனவே கையேடு வழிகாட்டும் நூல்தான். அதை ஆதாரமாகக் கொண்டு நிறுத்திவிடக் கூடாது.

5. பட்டம் கொடுத்த ஆட்சியாளரிலிருந்து காப்பகத்தைக் கண்டுபிடியுங்கள்

குடும்பம் வாழ்ந்த ஊரிலுள்ள காப்பகத்துக்கு எழுதுவதுதான் இயல்பாகத் தோன்றும். நானும் அப்படியே எழுதி, நான்கு மாதங்கள் காத்திருந்து, 'எங்களிடம் இல்லை' என்ற ஒருவரிப் பதிலைப் பெற்றேன். பட்டயத்தின் கோப்பு, அதைப் பெற்றவர் வாழ்ந்த ஊரில் இருப்பதில்லை; அதைக் கொடுத்தவரின் அரசுக் காப்பகத்தில் இருக்கிறது. வைமர் நகரை நினைத்துப் பாருங்கள். அங்கே வாழ்ந்த கவிஞர்கள் கேத்தெவுக்கு 1782-இலும், ஷில்லருக்கு 1802-இலும் பிரபுத்துவம் அளித்தவர் வியன்னாவில் இருந்த புனித ரோமானியப் பேரரசர். அதே ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் ஹெர்டருக்கு அளித்தவரோ பவேரியாவின் ஆட்சியாளர். ஒரே ஊரில் வாழ்ந்த மூவருக்கும் வைமரில் நின்று பட்டயக் கோப்பைத் தேடினால் தவறான இடத்தில்தான் தேடிக்கொண்டிருப்போம்.

பட்டம் 1806-க்கு முன் அந்தப் பேரரசரால் தரப்பட்டதாக இருந்தால், எழுத வேண்டியது வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய அரசு ஆவணக்காப்பகத்துக்கு. அதன் பொது நிர்வாகப் பிரிவில் பேரரசுப் பிரபுக்களின் கோப்புகள் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கின்றன. காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடி, கோப்பின் குறியீட்டை எடுத்துக்கொண்டு எழுதினால் பதில் விரைவாக வரும். பிரஷ்ய அரசர் தந்த பட்டமானால் பெர்லின் டாலெமிலுள்ள பிரஷ்ய இரகசிய அரசு ஆவணக்காப்பகம். 1855-இல் ஏற்படுத்தப்பட்ட ஹெரோல்ட்ஸ்அம்ட் என்ற பட்ட அலுவலகத்தின் கோப்புகள் அங்கே 176-ஆம் தொகுப்பில் உள்ளன. பவேரியப் பட்டமானால் மியூனிக்கிலுள்ள பவேரிய முதன்மை அரசு ஆவணக்காப்பகத்தின் 'ஆடெல்ஸ்மாட்ரிக்கெல்' என்ற பிரபுக்கள் பதிவேடு. 1808 முதல் பவேரியாவில் பட்டத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் இந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பதால், இருப்பதிலேயே தெளிவான ஆதாரம் இதுதான். சாக்ஸனியில் 1902-இல் தொடங்கிய பிரபுக்கள் புத்தகம் டிரெஸ்டன் காப்பகத்தில் இருக்கிறது.

1871-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட பட்டங்களில் ஒரு பொறி உண்டு. ஜெர்மனி ஒன்றுபட்டுவிட்டதால் 'ஜெர்மன் பேரரசர் தந்த பட்டம்' என்று குடும்பங்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். பேரரசர் வில்ஹெல்ம் தந்த பட்டங்கள் பிரஷ்ய அரசர் என்ற தகுதியில் தந்தவை. பவேரியா, சாக்ஸனி, வுர்ட்டம்பெர்க் முதலிய அரசுகள் தத்தம் பட்டங்களைத் தனித்தனியே தொடர்ந்து வழங்கின. பேரரசுக்கெனப் பொதுவான காப்பகம் ஒன்றைத் தேடாதீர்கள்.

தெற்கு ஜெர்மனியில் வாழ்நாள் பட்டத்தையும் கவனியுங்கள். பவேரியக் கிரீட விருது, மாக்ஸ்-யோசெஃப் இராணுவ விருது, வுர்ட்டம்பெர்க் கிரீட விருது ஆகியவற்றைப் பெற்றவருக்கு அவரளவில் பிரபுத்துவம் கிடைத்தது, பிள்ளைகளுக்குச் செல்லவில்லை. ஓவியர்கள் ஃபிரான்ட்ஸ் ஃபொன் லென்பாஹ், ஃபிரான்ட்ஸ் ஃபொன் ஷ்டுக் ஆகியோரின் 'ஃபொன்' இவ்வாறு விருதால் வந்தது. தாத்தா 'ரிட்டர் ஃபொன்', அப்பா வெறும் பெயர் என்று காகிதங்கள் சொன்னால் அங்கே எவரும் எதையும் இழந்துவிடவில்லை. விருது அந்த ஒருவருக்கே தரப்பட்டது.

6. தலைமுறைச் சங்கிலியைச் சான்றிதழ்களால் இணையுங்கள்

பட்டயம் கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பட்டயம் பெற்றவருக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகள் வேண்டும். இவற்றை வைத்திருப்பது 'ஷ்டாண்டெஸ்அம்ட்' என்ற பதிவகம். பிரஷ்யாவில் 1874 அக்டோபர் முதலும், பேரரசு முழுவதும் 1876 சனவரி முதலும் அரசுப் பதிவு நடைமுறைக்கு வந்தது.

இங்கே மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: 110, 80, 30. பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டும், திருமணப் பதிவுகள் 80 ஆண்டும், இறப்புப் பதிவுகள் 30 ஆண்டும் பதிவகத்தில் இருக்கும். அந்தக் காலம் முடியும்வரை கணவன், மனைவி, நேர்வழி முன்னோர், நேர்வழி வாரிசுகள் ஆகியோருக்குத்தான் நகல் தருவார்கள். மற்றவர்கள் சட்டப்படியான தேவையைக் காட்ட வேண்டும். காலம் முடிந்த பதிவுகள் நகர அல்லது மாநிலக் காப்பகத்துக்குப் போய்விடும். அங்கே யாரும் கேட்கலாம். மருமகனின் பாட்டியார் பிறப்புச் சான்றை நானே கேட்டு எழுதியபோது மறுக்கப்பட்டது சரியான மறுப்புதான். சம்பந்திக்கும் எனக்கும் உள்ள உறவு அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது. பிறகு மருமகன் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்தோடும் அவருடைய அடையாள அட்டை நகலோடும் எழுதினேன். மூன்று வாரத்தில் வந்தது. முதல் நாளே இரண்டு மூன்று அதிகாரக் கடிதங்களில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு சான்றுக்குப் பத்து முதல் பதினைந்து யூரோ என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரே சான்றில் இரண்டு பிரதிகளை ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டாவதற்குக் குறைவாகவே வாங்குவார்கள். சான்றிதழுக்குப் பதிலாகப் பதிவேட்டின் முழு நகலைக் கேளுங்கள். சான்றிதழில் விடுபடும் ஓரக்குறிப்புகள் அதில் இருக்கும். பெயர் திருத்தம், தத்து எடுப்பு, பட்டத்தின் வடிவ மாற்றம் எல்லாம் ஓரக்குறிப்பில்தான் வரும்.

அரசுப் பதிவு தொடங்குவதற்கு முற்பட்டவற்றுக்குத் தேவாலயப் பதிவேடுகள். கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை 'மட்ரிகுலா' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புரோட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு 'ஆர்க்கியோன்' தளத்தில் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்டுவதற்கு முன் நீங்கள் தேடும் ஊரின் பதிவேடு அங்கே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலைக் கட்டணமின்றியே காணலாம். தேட வேண்டிய ஊர்களையும் ஆண்டுகளையும் முழுவதும் எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு மாதச் சந்தா எடுத்தால் போதும். நான் மூன்று மாதச் சந்தா கட்டிவிட்டு, பழைய கூர்ரென்ட் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதிலேயே இரண்டு மாதங்களைக் கழித்தேன். எழுத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே, அதாவது இன்றைய போலந்தில், நிலம் வைத்திருந்த பிரஷ்யக் குடும்பமானால் கூடுதல் பொறுமை தேவை. அப்பகுதிகளின் எஞ்சிய பதிவேடுகளில் ஒரு பங்கு பெர்லினிலுள்ள முதலாம் பதிவகத்திடமும், அங்கே காலம் முடிந்தவை பெர்லின் மாநிலக் காப்பகத்திலும், இன்னொரு பங்கு போலந்து அரசுக் காப்பகங்களிலும் இருக்கின்றன. பெர்லின் முதலாம் பதிவகத்தின் பதிலுக்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே அந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முதலில் அனுப்பிவிட்டு, காத்திருக்கும் காலத்தில் போலந்துக் காப்பகங்களின் இலவச இணையத்தளத்தில் தேடுங்கள்.

7. கடிதத்தை எப்படி எழுதுவது

ஒரு கடிதத்தில் ஒரு குடும்பம், ஒரு பட்டம், ஒரு கேள்வி. இதை மீறினால் காப்பகத்தார் அதை ஆய்வுப் பணியாகக் கணக்கிட்டு, அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் போடுவார்கள். தேடி எதுவும் கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். எனவே கடிதத்திலேயே மூன்று செய்திகளைச் சேருங்கள்: கையேட்டில் கண்ட பட்டமளிப்பு நாளும் ஊரும், இணையப் பட்டியலில் கண்ட கோப்பின் குறியீடு, நீங்கள் ஏற்கும் செலவின் உச்சவரம்பு. 'ஐம்பது யூரோவுக்கு மேல் செல்லுமானால் தொடங்குமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் எனக்குப் பின்னாளில் நிறைய மிச்சப்படுத்தியது. கோப்பின் எல்லாப் பக்கங்களுக்கும் படியெடுக்கச் சொல்லாதீர்கள். முதலில் பட்டயத்தின் வரைவையும் மனுவையும் மட்டும் கேளுங்கள். பட்டம் கேட்டு எழுதிய அந்த மனுவில்தான் குடும்பத்தின் முந்தைய தலைமுறைகள் விவரமாக இருக்கும்.

8. இன்றைய பெயரில் பட்டம் இருந்தால், அது வந்த வழியைப் பாருங்கள்

1919-க்குப் பிறகு பட்டம் பெயராகிவிட்டதால், பெயர் செல்லும் எல்லா வழியிலும் அது செல்லும். தத்து எடுக்கப்பட்டவருக்கும், மனைவியின் பெயரை ஏற்ற கணவருக்கும் அந்தப் பெயர் சட்டப்படி முழு உரிமையோடு கிடைக்கிறது. அந்த உரிமையைக் குறைத்துப் பேசுவதற்கு எவருக்கும் இடமில்லை. ஆனால் வம்சாவளி எழுதும்போது, பெயர்வழியையும் இரத்தவழியையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். வரலாற்று அர்த்தத்தில் ஒருவர் பிரபுக் குலத்தைச் சேர்ந்தவரா என்பதை ஜெர்மன் பிரபுக்கள் சங்கங்களின் சட்டக்குழு ஒன்று ஆராய்ந்து சொல்கிறது. அது தனியார் அமைப்பு என்பதால் அதன் முடிவு பாஸ்போர்ட்டிலோ பதிவேட்டிலோ எதையும் மாற்றாது. மார்புர்க்கிலுள்ள ஜெர்மன் பிரபுக்கள் ஆவணக்காப்பகமும் அறக்கட்டளை ஒன்று நடத்துவதுதான்.

பணம் கட்டினால் கிராஃப் ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு யூரோவும் கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. அவர்கள் தரும் தாளிலுள்ள பெயரை அரசு அலுவலரிடம் சொந்தப் பெயராகச் சொன்னால் அது அபராதத்துக்குரிய குற்றம். வெளிநாட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வந்து ஜெர்மனியில் பதியலாம் என்ற வழியும் நம்பத்தக்கதன்று: இங்கிலாந்தில் தானே பெயர் மாற்றிக்கொண்டு பட்டங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு ஜெர்மானியரின் வழக்கில், பொது ஒழுங்கின் பொருட்டுத் தேவையானால் ஜெர்மனி அதை ஏற்க மறுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது.

9. தமிழில் எழுதும்போது

1919-க்குப் பிந்தைய பெயர்களில் பட்டச் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள்; ஒலிபெயர்த்து, இயற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் வையுங்கள். ஒருவரின் பெயரிலுள்ள 'பிரின்ட்ஸ்' என்பதை 'இளவரசர்' என்று எழுதினால் இல்லாத பதவியை அவருக்குக் கொடுத்ததாகிவிடும். முந்தைய காலத்தவருக்கு முதல் இடத்தில் மட்டும் 'கோமகன் நிலையிலுள்ள கிராஃப்' என்பது போல ஒரு விளக்கம் சேர்க்கலாம். பிறகு ஜெர்மன் சொல்லே போதும். அகரவரிசைப் பட்டியலில் 'ஃபொன்' என்பதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த சொல்லால் வரிசைப்படுத்துவதே நூலக வழக்கம். என் முதல் பட்டியலில் இருந்த நாற்பது பேரும் ஒரே எழுத்தின்கீழ்ப் போய்ச் சேர்ந்ததால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பட்டம், அதைத் தந்த அரசு, நாள், ஆதாரத்தின் குறியீடு என்று நான்கு கட்டங்களை வரைந்துகொண்டு நிரப்புங்கள். நான்கில் ஒன்று காலியாக இருந்தால் அந்த வரியைப் பென்சிலில் எழுதுங்கள். மையில் எழுத வேண்டாம்.